பாதியில் நிறுத்திய தளம்

போன கோடையில் ஒரு போன் வந்தது. நான் கடைசியாக வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியில் இப்போது சேஃப்டி ஆபீசராக இருப்பவர் பேசினார். "சார், சம்மர்ல மத்தியானம் வெளி வேலையை நிறுத்தணும்னு சர்க்குலர் வந்திருக்கு. உங்க டைம்ல இதுக்கு என்ன சிஸ்டம் வச்சிருந்தீங்க? ட்ரெயினிங்ல சொல்ல ரெண்டு பாயின்ட் குடுங்க சார்" என்றார்.

இரண்டு பாயின்டில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் அந்தக் காலத்தில் என் தொண்டைத் தண்ணி அவ்வளவு வற்றியிருக்காது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இது நீளம்தான். ட்ரெயினிங்கில் எப்படியும் பாதிப் பேர் தூங்கத்தான் போகிறார்கள், இதைக் கேட்டுக்கொண்டே தூங்கட்டும்.

என் பெயர் பஷீர். இரும்புலியூரில் வீடு. ஆனால் எந்த சைட்டிலும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சேஃப்டி பாய்'தான். பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் முதலுதவி அறையில் கட்டுப் போடுகிறவனாகத் தொடங்கினேன். சாயங்கால வகுப்பில் பாதுகாப்பு டிப்ளமோ முடித்தேன். தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதும் கட்டட வேலைக்கு வந்து சேர்ந்தேன். படிப்பு, பயிற்சி எல்லாம் இந்த நாலு வரிதான். மற்றதெல்லாம் வெயிலில் நின்று கற்றுக்கொண்டது.

உயரத்திலிருந்து ஒருவன் விழுந்தால் எல்லாரும் நம்புவார்கள். வெயிலில் ஒருவன் விழுந்தால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "நேத்து ராத்திரி சரக்கு ஜாஸ்தி" என்பார்கள். பெண் விழுந்தால் "காலைல சாப்ட்டிருக்க மாட்டா" என்பார்கள். சூரியனைக் குற்றம் சொல்ல மட்டும் யாருக்கும் மனசு வராது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க மனை போட்டுக் கட்டிக்கொண்டிருந்த காலம். கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு ஒரு அடுக்குமாடி சைட். அங்கே ஒரு சங்கடம் உண்டு. கிழக்கே கடற்கரையில் கோவளத்தில் மத்தியானத்துக்கு முன்பே கடல்காற்று எழும்பிவிடும். அது எங்கள் பக்கம் வந்து சேர நேரமாகும், சில நாள் வழியிலேயே எங்கேயோ தங்கிவிடும். அதுவரை சைட்டில் ஒரு இலை ஆடாது. உடம்பில் ஊறுகிற வேர்வை காயாமல் அப்படியே வழியும்.

அந்த சைட்டின் புராஜெக்ட் இன்ஜினியர் தணிகாசலம் சார். நெடுநெடுவென்று இருப்பார், கத்தவே மாட்டார். அவர் பேசுவது கேட்க வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கிற மிஷினை நிறுத்த வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். கான்கிரீட் போடுகிற நாளில் விடிந்ததும் ஒரு சின்னக் கம்போடு தளத்தைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகைக்குக் கீழே நுழைந்து, முட்டுக் கொடுத்திருக்கிற கழி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லாத கழியின் முன்னால் நின்று ஆசாரியைத் திரும்பிப் பார்ப்பார். கோபம் வந்தால் ஒரே வார்த்தை, "நல்லது." அந்த 'நல்லது'க்கு எங்கள் சைட்டில் மேஸ்திரியிலிருந்து மணல் லாரிக்காரர் வரை எல்லாருக்கும் பயம்.

அவருக்கும் எனக்கும் தகராறு ஒரே விஷயத்தில்தான். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பார். முதலில் போட்டது இறுகிப்போன பிறகு அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒட்டாது, மழைக்காலத்தில் அந்தக் கோட்டில் ஒழுகும். அவர் சொல்வது நியாயம்தான். கலவை மிஷின் ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கலவை அள்ளிய பாண்டுச் சட்டி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் இறுகுவதைப் பற்றி எந்தப் புத்தகமும் பேசவில்லை என்பது என் வாதம்.

என் முறைகள் எளியவை. தண்ணீர் ஆளைத் தேடிப் போக வேண்டும், ஆள் தண்ணீரைத் தேடி வர மாட்டான். பானையில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் போட வேண்டும். ஒன்றுக்குப் போனால் நிறத்தைப் பார்க்கச் சொல்வேன், அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. "பாய் ஒண்ணுக்குப் போறதுக்கும் ரூல் போடறார்" என்று சைட்டே சிரிக்கும். சிரிக்கட்டும், ஞாபகம் இருக்குமே. எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொன்னது, ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஆளைப் பற்றி. சில நாள் நிழலில் இருந்தாலே உடம்பு வெயிலை மறந்துவிடும். அப்படித் திரும்பியவருக்கு முதல் வாரம் பாதிப் பாரம்தான் கொடுக்க வேண்டும்.

அது கத்திரி வெயிலில் ஒரு திங்கட்கிழமை. முதல் மாடித் தளம் போட வேண்டிய நாள். காலையில் சீக்கிரம் பூஜை போட்டு ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மிஷின் வர நேரமாகிவிட்டது. அதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது. சைட்டுக்கு வந்திருந்த முதலாளி, ஒன்பது மணி வரை ஒரு சட்டி ஜல்லிகூட விழக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆட்கள் எல்லாம் வந்து, மிஷினும் வந்து, அதற்குப் பிறகு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த நாளிலேயே வெயில் தாழ்ந்த நல்ல பொழுது அதுதான். ராகுவுக்குத் தப்பி நேராக உச்சி வெயிலின் வாயில் போய் விழப்போகிறோம் என்று தணிகாசலம் சாரிடம் சொன்னேன். "முதலாளி நம்பிக்கை பாய்" என்றார்.

பெண்கள் வரிசையில் மல்லிகா இருந்தாள். சித்தாள் வேலை, முப்பது வயசு இருக்கும். புருஷன் ஏழுமலை அதே சைட்டில் கம்பி கட்டுகிறவன். ஊர்த் திருவிழாவுக்குப் போய் நன்றாகத் தங்கிவிட்டு, முதல் நாள்தான் இருவரும் திரும்பியிருந்தார்கள். அவளை மணல் சலிக்கிற இடத்தில் நிழலில் விடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஆளே கம்மியா கீது பாய். தளம் போடற அன்னிக்கி நெழல்ல குந்த வெச்சா நான் எங்க போவேன்?" என்றார் மேஸ்திரி.

மல்லிகாவே சிரித்தாள். "எத்தினி கத்திரி பாத்துகீறேன். நீ சும்மா இரு பாய்."

புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். எல்லாச் சித்தாள்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

மத்தியானம் நெருங்கும்போது காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தணிகாசலம் சாரிடம் போய், ஒரு அரைமணி நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். "இன்னும் பாதிகூட ஆகலை. தளத்தை எப்படி பாய் நிறுத்தறது?" என்றார். நான் பானையைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக நடந்தேன். ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் நாக்கை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

மல்லிகா யாரையோ திட்டத் தொடங்கினாள். "மாட்ட அவுத்து வுட்டுட்டு நிக்கறியே, கொல்லியெல்லாம் மேயுது பாரு." பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள், திருவிழா போதை இன்னும் தெளியவில்லை என்று. நான் பானையை வைத்துவிட்டு அவளை நோக்கி ஓடினேன். வேர்த்துக்கொண்டிருக்கிறாளே, வெறும் மயக்கம்தான் என்று எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். வேர்வை இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. பேச்சைப் பார்க்க வேண்டும். பேச்சு தடம் மாறிவிட்டால் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

நான் எட்டிப் பிடிப்பதற்குள் பாண்டோடு விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. யாரோ ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள், இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சோடாவைத் தட்டிவிட்டேன். நாலு பேராகப் பிடித்து நிழலுக்குத் தூக்கி வந்தோம். நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. "ஹோஸைக் கொண்டாங்க" என்று கத்தினேன்.

ஏழுமலை ஓடிவந்து அவள் முன்னால் நின்று கையை விரித்துவிட்டான்.

"தண்ணி ஊத்தாத பாய். கொதிக்கிற ஒடம்பு, பச்சத்தண்ணி பட்டா ஜன்னி கண்டுடும். எங்கப்பாருக்கு இப்டித்தான் ஊத்தினாங்கோ. அன்னிக்கே பூட்டாரு."

கூட்டத்தில் பாதித் தலை ஆமாம் என்று ஆடியது. யாரோ போர்வை கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் சொன்னேன், கெஞ்சினேன், திட்டினேன். அவன் நகரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சின்ன வயசிலிருந்து எல்லாரும் கேட்டு வளர்ந்த சொல் அது. என் வீட்டிலேயே, வெயிலில் அலைந்துவிட்டு வந்து உடனே குளித்தால் என் அம்மா துடைப்பத்தை எடுப்பார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தணிகாசலம் சார் வந்தார். அதே மெல்லிய குரலில் கேட்டார்.

"ஏழுமலை, தளம் போட்ட மறுநாள் கான்கிரீட்ல கை வச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் சார்."

"எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும்."

"அப்ப நாம என்ன செய்யறோம்?"

ஏழுமலைக்கு அழுகை வந்துவிட்டது. "பாத்தி கட்டி தண்ணி உடறோம் சார்."

"விடாட்டி?"

"வெடிச்சிடும்."

"ஊத்தட்டும்பா."

அவன் நகர்ந்தது அரை அடிதான். அது போதும். பெண்கள் தார்பாலினை எடுத்து மறைப்பு பிடித்தார்கள். அந்தச் சட்டையையும் சும்மாட்டையும் அவர்களே கழற்றினார்கள். ஹோஸைத் தலையிலிருந்து கால் வரை பிடித்தேன். சென்ட்ரிங் ஆட்கள் இருவர் பிளைவுட் பலகையைத் தூக்கி விசிறினார்கள், ஏனென்றால் நனைத்தால் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. உடைத்துத் துணியில் சுற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்கச் சொன்னேன். வண்டி தயாராக நின்றது, எல்லாரும் ஏற்று ஏற்று என்றார்கள். நான் ஏற்றவில்லை. முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மாற்றிச் செய்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கு உடம்பு மட்டும்தான் போய்ச் சேரும். இழுப்பு நின்று, கை வைத்தால் சூடு தணிந்தது தெரிந்த பிறகே தூக்கினோம்.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் இன்னும் வராத காலம். சைட் சுமோவில் ஜன்னலெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு தாம்பரம் பார்த்துப் பறந்தோம். பெருங்களத்தூரில் வழக்கம்போல வண்டிகள் அடைத்து நின்றன. நான் குடத்திலிருந்து துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏழுமலை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது, எந்தச் சாமியைக் கூப்பிட்டானோ. நானும் என் பங்குக்குக் கூப்பிட்டேன்.

அந்த நெரிசலிலேயே மல்லிகா கண்ணைத் திறந்தாள். எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எஞ் சட்டைய எவ எட்தா?" என்றாள்.

ஏழுமலை அட்டையைப் போட்டுவிட்டுத் தேம்பினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்றைக்கு மாதிரி சந்தோஷம் என் உத்தியோகத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள். நான் வெளியே போகத் திரும்பியபோது நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. "குட்ச்சா எங்கக்கா போறது? ஆம்பளைங்க செவுத்தாண்ட பூடுவாங்கோ. நாங்க பொழுது சாயற வரிக்கும் அடக்கிக்கினுதான் கெடக்கணும்."

நிறத்தைப் பார், நிறத்தைப் பார் என்று ஊர் முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான். போவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை பாருங்கள்.

சாயங்காலம் தணிகாசலம் சார் வந்தார். தளத்தை எப்படியோ முடித்துவிட்டு வந்திருந்தார், பேன்ட் முழுக்கச் சிமென்ட். வார்டுக்குள் வராமல் கதவருகே நின்று அவளைப் பார்த்தார். டாக்டர் கேட்டதையும் அவள் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அங்கே நானும் அவரும்தான் நின்றோம். அந்தக் கோபம் என்மேல் இல்லை.

அந்த வாரமே பெண்களுக்குத் தகரம் அடித்துத் தனிக் கழிப்பறை வந்தது, உள்ளே தாழ்ப்பாளோடு. அடுத்த தளத்தின் தேதி பேச முதலாளி வந்தபோது, விடியும் முன்பே ஆரம்பித்துவிடலாம் என்று தணிகாசலம் சார் சொன்னார். முதலாளி பஞ்சாங்கத்தை எடுத்தார். "பிரம்ம முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கமே தேவையில்லையே சார். ராகு எழுந்திருக்கறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிடும்" என்றார் இவர். முதலாளிக்கு அதைவிட நல்ல நேரம் யார் சொல்ல முடியும்? நான் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு நேரே சைட்டுக்குப் போய் நிற்பேன். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், குளிர்ந்த காற்றில் மிஷின் சுற்றத் தொடங்கும்.

மல்லிகா பாரம் தூக்கக் கூடாது, கொஞ்ச காலம் வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவரைக் கணக்கை முடித்து அனுப்புவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். அவளும் அதற்குத் தயாராகத்தான் வந்தாள், ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்றான். தணிகாசலம் சார் அவளை எல்லாருக்கும் குடிதண்ணீர் கொடுக்கிற வேலைக்குப் போட்டார், அதே கூலிக்கு.

"இந்த சைட்ல மிஷினை நிறுத்தற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. இனிமே உனக்கும் உண்டு. ஒரு ஆள் சரியில்லைன்னு உனக்குப் பட்டா வந்து சொல்லு. நிறுத்தறேன்" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய மனுஷன் ஏதோ தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வேலையை அவள் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சைக் கவனி என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதற்கு அவளே ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, "இன்னிக்கி இன்னா கொயம்பு?" என்று கேட்பாள். பதில் வரும் வரை நகர மாட்டாள். பெண்களையும் விடமாட்டாள். "குடி. அதான் ரூம் கட்டி உட்டுகீறாங்கோ இல்ல, போ" என்பாள்.

மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடித் தளம் போட்ட அன்றைக்குச் சோதனை வந்தது. அதுவும் கோடைதான், அடுத்த வருஷத்துக் கோடை. விடியும் முன்பே ஆரம்பித்தோம். நடுவில் மிஷின் மக்கர் செய்தது, மெக்கானிக் தாம்பரத்திலிருந்து வந்து சரிசெய்வதற்குள் பொழுது ஏறிவிட்டது. உச்சி வெயிலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி. காற்று இல்லை. முதலாளி ஃப்ளாட் வாங்க வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மேலே நின்று காட்டிக்கொண்டிருந்தார்.

கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடிக்கிற பையன் ஒருவனிடம் மல்லிகா தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "இன்னா கொயம்பு?" அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடியும் கேட்டாள். "பஸ்ஸு வந்துச்சா?" என்றான் அவன்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கம்பிமேல் போட்ட பலகையில் நடந்து நேராக முதலாளியும் தணிகாசலம் சாரும் நின்ற இடத்துக்குப் போனாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், மிஷினை நிறுத்துங்கோ."

முதலாளி அவளைப் பார்த்துவிட்டுத் தணிகாசலம் சார் பக்கம் திரும்பினார். "இன்னும் கொஞ்சம்தானேய்யா. முடிச்சிடலாமே."

தணிகாசலம் சார் பாக்கி இருந்த இடத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர் ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மல்லிகாவும் வாய் திறக்க மாட்டாள், நானும் திறந்து பயனில்லை.

"முடிச்சிடலாம் சார், நாளைக்கு" என்றார். அப்புறம் கீழே பார்த்து, "மிஷினை நிறுத்துப்பா. ஆசாரி, ஒரு பலகை கொண்டாங்க" என்றார்.

மிஷின் நின்றது. அந்தப் பையனை நிழலுக்குக் கொண்டுபோனோம். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே ஏழுமலை ஹோஸோடு நின்றான். நேரத்தோடு பார்த்துவிட்டதால் ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கவில்லை, சாயங்காலம் அவன் தன் குழம்பு காரக்குழம்பு என்று சரியாகச் சொன்னான். மேலே தணிகாசலம் சார் மண்டியிட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் நிறுத்தினால் தளத்துக்குப் பலம் குறையாதோ அந்த இடத்தில் பலகையைத் தன் கையாலேயே நிறுத்தி, கான்கிரீட்டின் ஓரத்தைச் சீராக வெட்டினார். மறுநாள் விடியற்காலை அந்த ஓரத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, சிமென்ட் பால் பூசி, பாக்கியைப் போட்டு முடித்தோம்.

மல்லிகா மட்டும் அன்று முழுக்க என் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நெஜமாவே நிறுத்திட்டாரு இல்ல பாய்?"

அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே ஓடுகிற அந்த இணைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூச்சுக்குள் இருக்கிறது. எத்தனையோ ஐப்பசி மழை பெய்துவிட்டது, இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.